தோற்றுக்கொண்டிருத்தல்

தோற்பது வேறு. தோற்றுக்கொண்டிருப்பது வேறு. முன்னதற்கு நம் இலக்கியத்தில் இடம் இருக்கிறது. பின்னதற்கு இருப்பதாகத் தெரியவில்லை.

செல்லப்பாவின் 'வாடிவாசல்' முதல் வகைக்கு நல்ல உதாரணம். ஒரு பகல், ஒரு வாடிவாசல், காரி என்று ஒரு காளை. பிச்சி அதை அடக்கிவிடுகிறான். அடங்கிப்போன காளையை ஜமீன்தார் சுட்டுவிடுகிறார். தோல்விக்கு அங்கே ஒரு உருவம் கிடைத்துவிடுகிறது. வாசகன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கலாம். காரி சுடப்படாமல் இருந்து, இரண்டு மாதத்தில் பதினான்கு தடவை வாடிவாசல் வழியே வந்து, பத்து தடவை பிடிபட்டு, நாலு தடவை தப்பித்து, கடைசியில் ஒரு பட்டியலின் அடியில் அதன் பெயர் எழுதப்பட்டிருந்தால்? அதை யார் எழுதியிருக்க முடியும்? எழுதினால் யார் படிப்பார்கள்?

2025-ல் சென்னை சூப்பர் கிங்ஸ் ஆடியது இந்த இரண்டாவது வகைக் கதை. 14 ஆட்டம், 4 வெற்றி, 10 தோல்வி, 8 புள்ளி. பத்து அணிகளில் பத்தாவது. 2008-ல் ஆரம்பித்த ஐ.பி.எல். போட்டியில் அந்த அணி கடைசி இடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை. 14 ஆட்டத்தையும் நான் பார்த்தேன்.

இந்தப் பக்கங்களில் கிரிக்கெட்டா என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கலாம். அவர்களுடைய ஆட்சேபணை எனக்குத் தெரிந்ததுதான். ஒரு சிமெண்ட் கம்பெனி 2008-ல் ஒன்பது கோடி டாலருக்குச் சற்று அதிகமாகக் கொடுத்து வாங்கிய உரிமை அது. 2025-ல் ராஞ்சிக்காரரும் புனேக்காரரும் சௌராஷ்டிரக்காரரும் ஆப்கானியரும் ஒரே மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடினார்கள். இது எப்படி 'நம்ம டீம்' ஆகிறது? நியாயமான கேள்வி. ஆனால் ஜெயிக்கிற வருஷத்தில் இதை யாரும் கேட்பதில்லை. ஐந்து கோப்பை வாங்கிய அணியில் யார் வேண்டுமானாலும் பங்கு கேட்கலாம். பத்தாவது இடத்தில் கிடக்கும்போதுதான் 'நம்ம' என்ற சொல்லைக் கையில் எடுத்து அதன் எடையைப் பார்க்க முடிகிறது.

எப்படித் தோற்றார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மார்ச் 23-ஆம் தேதி சேப்பாக்கத்தில் மும்பையை ஜெயித்து ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு சேப்பாக்கத்தில் ஆடிய ஐந்து ஆட்டங்களிலும் தோல்வி. மார்ச் 28-ல் பெங்களூரு, 2008-க்குப் பிறகு முதல் தடவையாக அங்கே ஜெயித்தது. ஏப்ரல் 5-ல் டெல்லி, 2010-க்குப் பிறகு. ஏப்ரல் 25-ல் ஹைதராபாத், சரித்திரத்திலேயே முதல் தடவை. ஏப்ரல் 11-ஆம் தேதி கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரில் 9 விக்கெட்டுக்கு 103. சேப்பாக்கத்தில் அந்த அணி எடுத்த மிகக் குறைந்த ஸ்கோர் அது. கொல்கத்தா அதைப் பதினோராவது ஓவரின் முதல் பந்தில் முடித்துவிட்டது. தொடர்ந்து ஐந்தாவது தோல்வி. அப்படி ஐந்து ஆட்டம் அவர்கள் அதற்கு முன்னால் தோற்றதில்லை.

சேப்பாக்கத்து பிட்ச் மந்தமானது. பந்து நின்று வரும், திரும்பும். வெளியூர் அணிகளை அதில் வைத்துச் சுழல் பந்தால் மூச்சுத் திணறவைப்பது இவர்களுடைய பழைய வித்தை. 2025-ல் அதே பிட்ச், அதே மந்தம். திணறியது வீட்டுக்காரன். கொல்கத்தாவின் நரைன் 13 ரன் கொடுத்து 3 விக்கெட் எடுத்துவிட்டு, பிறகு 18 பந்தில் 44 ரன்னும் அடித்துவிட்டுப் போனார். கேப்டன் ருதுராஜ் முழங்கை எலும்பு முறிந்து விலகியதால் அந்த ஆட்டத்திலிருந்து 43 வயது தோனி மறுபடியும் கேப்டன்.

பத்திரிகைகளும் டெலிவிஷனும் இந்த சீசனுக்கு ஒரு உருவம் கொடுக்கப் பெரிதும் முயன்றன. டெல்லியோடு ஆடிய அன்று தோனியின் அப்பா அம்மா மைதானத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். உடனே கடைசி ஆட்டம், விடைபெறுகிறார், ஒரு சகாப்தம் முடிகிறது என்று ஆரம்பித்துவிட்டார்கள். அவர் 26 பந்தில் 30 ரன் எடுத்து அவுட்டாகாமல் நின்றார். அணி 25 ரன்னில் தோற்றது. சகாப்தம் முடியவில்லை. அடுத்த ஆட்டம் மூன்றாம் நாள் இருந்தது. பெங்களூருவோடு ஆடியபோது அவர் ஒன்பதாவது ஆளாக இறங்கியதற்குக் கோபப்பட்டவர்களுக்கும் இதே பசிதான் என்று நினைக்கிறேன். ஒரு குற்றவாளி கிடைத்தால் தோல்வி ஒரு கதையாகிவிடும்; கதையானால் முடியும். சீசன் முடிந்த அன்றுகூட, யோசிக்க நாலைந்து மாதம் இருக்கிறது என்றுதான் அவர் சொன்னார். உபகதைக்கு அவரும் உதவவில்லை.

இப்போது எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். சேப்பாக்கத்திலிருந்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, தங்கச்சிமடத்தில் வலை சரிசெய்கிற ஒரு கொட்டகையில்தான் பெரும்பாலான ஆட்டங்களைப் பார்த்தேன். ஐ.பி.எல். நடக்கிற காலத்துக்கும் இந்தக் கரைக்கும் ஒரு தற்செயலான பொருத்தம் உண்டு. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை. மீன் சினைப்பட்டுப் பெருக 61 நாள். 2017-க்கு முன்னால் 45 நாளாக இருந்தது. விசைப்படகுகள் எல்லாம் கரைக்கு வந்துவிடும். பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரித்துப்போடுவார்கள். 2025-ல் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம். மற்றபடி சாயங்காலங்கள் காலி. அந்த ஏப்ரல் 14, சித்திரை முதல் தேதி, லக்னோவில் தோனி 11 பந்தில் 26 ரன் அடித்து ஜெயித்துக் கொடுத்தார். நள்ளிரவில் தடைக்காலம் ஆரம்பித்தது. அதன் பிறகு கரையில் உட்கார்ந்து அவர்கள் பார்த்தது ஏழு ஆட்டம். அதில் ஐந்து தோல்வி.

இந்தக் கரையில் 'பாடு' என்று ஒரு சொல் உண்டு. வலையில் விழுந்த மீன் பாடு. படகு திரும்பியதும் கேட்கிற கேள்வி, "பாடு எப்படி?" ஊர்ப்பக்கம் பாடு என்றால் கஷ்டம், இங்கே கிடைத்ததும் அதுதான், பட்டதும் அதுதான். பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாளில் நாட்டுப்படகு என்று ஒரு பழைய ஏற்பாடு. ஆக, விசைப்படகுக்காரனுக்கும் வாரத்துக்கு மூன்று ஆட்டம். டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தில்தான் பங்கு. மிச்சம் இல்லாத நாளில் பங்கும் இல்லை. அது தோல்வி என்று யாரும் சொல்வதில்லை. "பாடு இல்லை" என்பார்கள். கடல் இவனை ஜெயித்துவிட்டது என்று நாவலாசிரியன்தான் எழுதுவான். கடலுக்கு அப்படி ஒரு எண்ணம் கிடையாது.

தொடர்ந்து தோற்கிற அணியைப் பார்க்கும்போதும் ஒரு கட்டத்துக்குப் பிறகு இதுதான் நடக்கிறது. எதிராளி மறைந்துவிடுகிறான். இன்றைக்குப் பஞ்சாபா, ஹைதராபாதா என்பது முக்கியமில்லாமல் போகிறது. யாரிடம் தோற்றார்கள் என்று கேட்டால் கொட்டகையில் நாலு பேர் நாலு பெயர் சொல்கிறார்கள். இவர்கள் இறங்குகிறார்கள், பாடு இல்லை, திரும்புகிறார்கள்.

ஏப்ரல் 30-ஆம் தேதி பஞ்சாபிடம் தோற்றதும் கணக்கு முடிந்துவிட்டது. சஹல் ஒரே ஓவரில் ஹாட்ரிக்கோடு நாலு விக்கெட் எடுத்தார். பிளே-ஆஃப் இல்லை. ஆனால் நாலு ஆட்டம் மிச்சம் இருந்தது. என் கவனம் முழுக்க இந்த நாலில்தான் நிற்கிறது. துன்பியல் நாடகத்தில் விதி தீர்ந்த பிறகு காட்சி கிடையாது. லீக் போட்டியில் உண்டு. விதி தீர்ந்த பிறகும் காலில் பேட் கட்டிக்கொண்டு இறங்கியாக வேண்டும்.

கொட்டகையில் ஒரு சம்மாட்டி உண்டு. சம்மாட்டி என்பது பழக்கத்தில்தான். எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட அவருடைய படகு அந்தக் கரையிலேயே நிற்கிறது. இப்போது இன்னொருவர் படகில் பங்குக்குப் போகிறார். மே 3-ஆம் தேதி அவருடைய மருமகன் கேட்டான்: "அதான் வெளியே போயாச்சுல்ல மாமா, இன்னும் என்னத்தப் பாக்குறீக?"

"நாலு ஆட்டம் கிடக்குல்லடா. ஆடித்தானே ஆகணும்."

"அவங்க ஆடணும். நீங்க பாக்கணுமா?"

அவர் பதில் சொல்லவில்லை. சரியாக அன்றைக்குத்தான் ஆயுஷ் மாத்ரே என்ற பதினேழு வயதுப் பையன் பெங்களூருவுக்கு எதிராக 48 பந்தில் 94 அடித்தான். இரண்டு ரன்னில் தோல்வி. பையனின் வருகையை ஒரு விடியலாக எழுதலாம், எழுதினார்கள். 2022-லும் இதே 4 வெற்றி, 10 தோல்வி, 2023-ல் கோப்பை. அந்தக் கணக்கையும் போட்டுக் காட்டினார்கள். அந்த இரவில் சம்மாட்டி எதையும் அப்படி நீட்டிப் பார்க்கவில்லை. "நல்லா அடிச்சான்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த அடியில் ஒன்றும் இல்லை, குறைவாகவும் இல்லை.

தோல்விக்கு உருவம் கிடைத்துவிட்டால் அது பார்க்கத்தக்கதாகிவிடுகிறது. தனுஷ்கோடி அப்படித்தான் ஆயிற்று. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் ஊரையும் ரயிலையும் கொண்டுபோயிற்று. மிஞ்சிய சர்ச் சுவரைப் போட்டோ எடுக்க இன்றும் ஜனங்கள் வருகிறார்கள். பாடு இல்லாமல் தங்கச்சிமடத்துக்குத் திரும்பும் படகைப் போட்டோ எடுக்க யாரும் வருவதில்லை. ஏப்ரல் 6-ஆம் தேதி, டெல்லியிடம் தோற்ற மறுநாள், பாம்பனில் புது ரயில் பாலம் திறந்தார்கள், பிரதமர் வந்தார். பாலத்தைப் பார்க்கிற கூட்டம். அதன் அடியில் போகிற வழக்கமான படகுகள்.

வெற்றிக்கும் இந்த உருவ ஆசை உண்டு. அது இன்னும் ஆபத்தானது. அந்த வருஷக் கோப்பை பெங்களூருவுக்கு, பதினெட்டாவது சீசனில். மறுநாள் ஜூன் 4-ஆம் தேதி அவர்களுடைய மைதானத்து வாசல்களில் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள்.

அமெரிக்காவில் பேஸ்பால் அணிகள் ஒரு சீசனில் 162 ஆட்டம் ஆடுகின்றன. 2024-ல் சிகாகோ வைட் சாக்ஸ் 121 ஆட்டம் தோற்றது. 1962-ல் நியூயார்க் மெட்ஸ் தோற்றது 120. நூற்றிருபது தடவை தோற்கும்போது அதைச் சோகம் என்று சொல்ல முடியாது. அது ஒரு வேலை. காலையில் எழுந்து போகிற இடம். பதினான்கு ஆட்டம் அந்த உண்மையை எட்டுவதற்குக் கொஞ்சம் குறைவு; ஆனால் அதன் வாசல்வரை கொண்டுபோய் விடுகிறது.

நமக்கு இதில் என்ன? சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் தோல்வியின் நிபுணர்கள் என்று ஒரு பெயர். அந்தப் பெயரை நாமே வைத்துக்கொண்டோம் என்று எனக்குச் சந்தேகம். செல்லப்பா 1959-லிருந்து 1970 வரை 'எழுத்து' நடத்தினார். புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார். அதை நாம் ஒரு காவியமாக்கிவிட்டோம். நின்றுபோன பத்திரிகையை வணங்குவது நமக்குச் சுலபமாக இருக்கிறது. அவருக்கு அது காவியமாக இருந்திருக்க முடியாது. மாதாமாதம் புரூஃப், பேப்பர் விலை, தபால் செலவு, சந்தா அனுப்பாதவர்கள். நின்ற கணத்துக்கு உருவம் இருக்கிறது, நம்மால் அதைப் பேச முடிகிறது. பதினோரு வருஷம் நடந்ததற்கு உருவம் இல்லை. நாம் கற்றுக்கொண்டிருக்கும் விமர்சன மொழியில் அதற்குச் சொல் இல்லை. கொட்டகையில் இருக்கிறது. "ஆடித்தானே ஆகணும்."

இதை ஒரு தத்துவமாகச் சொல்லவில்லை. மீனவன் தோல்வியை ஞானியைப்போல ஏற்றுக்கொள்கிறான் என்று எழுதுவதும் நாம் செய்கிற இன்னொரு போட்டோதான். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. படகை நினைத்து ராத்திரி தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். நான் சொல்வது ஏற்பதைப் பற்றியல்ல. அர்த்தம் கேட்காமல் ஒன்றை முடிவுவரை பார்த்துக்கொண்டிருப்பதைப் பற்றி. அது விசுவாசம்தானா என்பதும் எனக்குப் பிரச்னை இல்லை. 'நம்ம' என்ற சொல்லில் ஏதாவது எடை இருந்தால் அது இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். உரிமைப் பத்திரத்தில் இல்லை, கோப்பையிலும் இல்லை.

மே 7-ல் கொல்கத்தாவை இரண்டு விக்கெட்டில் ஜெயித்தார்கள். எல்லையில் சண்டை மூண்டதால் போட்டி ஒரு வாரத்துக்கு மேல் நின்றது. சென்னையில் நடக்க வேண்டிய ராஜஸ்தான் ஆட்டம் டெல்லிக்கு மாறியது; மே 20-ல் அதிலும் தோல்வி. மே 25-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அகமதாபாதில், பட்டியலின் உச்சியில் இருந்த குஜராத்துக்கு எதிராக 230 ரன் அடித்து 83 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். அந்த வருஷத்தில் அவர்கள் ஆடிய மிக நல்ல ஆட்டம் அதுவாக இருக்கலாம். இடம் மாறவில்லை. ராஜஸ்தானுக்கும் அதே 8 புள்ளிதான், ரன் விகிதத்தில் அவர்கள் மேலே.

"அடுத்த ஆட்டம் எப்படா?" என்றார் சம்மாட்டி.

"முடிஞ்சு போச்சு மாமா. இனி அடுத்த வருஷம்தான்."

அவர் விரல் விட்டுத் தடைக்காலத்தில் மிச்சமிருந்த நாட்களை எண்ணினார். இருபது.