அடுப்பும் விறகும்

ஐப்பசி அடைமழைக்கு முன் விறகை வீட்டுக்குள் ஏற்றிவிடுவது கடற்கரை ஊர்களில் நம் குடும்பங்களின் பழைய வழக்கம். எரிவாயு வந்த பின்னரும் கந்தூரிச் சோற்றுக்கும் நோன்புக் கஞ்சிக்கும் விறகடுப்பை விடாத வீடுகள் உள. நம்முடையதும் அவற்றுள் ஒன்று.

பச்சை விறகின் எடையில் ஏறக்குறையப் பாதி நீர். அது வற்றும்வரை புகைதான் மிஞ்சும். ஊதுபவரின் கண்ணும் நெஞ்சும் துன்புறும். ஆதலின் ஈர விறகை அடுப்புக்கு மேலுள்ள பரணிலும் பக்கச் சுவரிலும் வைத்து உலர்த்துகிறோம். உலர்ந்தபின்னும் அங்கேயே விட்டுவைப்பதுதான் நமக்கு உடன்பாடில்லாதது. காய்ந்த சுள்ளிக்கு ஒரு பொறி போதும்.

மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு, அதிலிருந்தோருடன் எரிந்த செய்தி கேட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், நெருப்பு உங்கள் பகையென்று கூறி, உறங்குமுன் அதனை அணைக்கப் பணித்தார்கள். அபூ மூஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஸஹருக்கென்று கங்கைச் சாம்பலால் மூடிவிட்டுப் படுக்கும் நம் பெண்மக்களிடம் இதைச் சொன்னால், “அந்நேரத்தில் எழுந்து நீங்கள் ஒருநாள் அடுப்பு மூட்டிப் பாருங்கள்” என்பார்கள். அதிலும் நியாயம் இல்லாமலில்லை.

நம் இல்லத்தில் உம்மா வகுத்த ஏற்பாடு இது: அன்றைக்கு வேண்டிய நாலைந்து கட்டைகள் மட்டும் அடுப்புக்கு இரண்டு முழம் தள்ளி இருக்கும், மற்றவை தாழ்வாரத்தில், கறையானுக்கு அஞ்சிச் செங்கல் மேல். இஷாவுக்குப் பின் கொள்ளிகளை வெளியே இழுத்து, தண்ணீர் தெளித்து அணைப்பார்கள். அடுப்பின்மேல் ஊற்றினால் மண் வெடித்துவிடும்.