எவ்வளவுப்பா வேணும்?

கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்கு என்ன வாங்குவீர்கள்? சங்கரன்கோவிலில் இருக்கும் நண்பனின் மகளுக்குப் போன வருஷம் ரிமோட் கார் வாங்கிப் போனேன். பொங்கலுக்குள் சக்கரம் மட்டும்தான் மிஞ்சியது.

இந்த வருஷம் அவளுக்குப் பத்து வயசு முடிந்தது. பி.காம் படித்த புத்தி சும்மா இருக்குமா? போஸ்ட் ஆபீஸுக்குக் கூட்டிப் போனேன். பத்து வயசு தாண்டிய பிள்ளைகள் தங்கள் பேரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். 500 ரூபாய் போதும். பணம் எடுக்க அவர்கள் கையெழுத்துதான் வேண்டும். ராத்திரியெல்லாம் நோட்டில் போட்டுப் பழகியிருந்தாள்.

நண்பனுக்கு விசைத்தறியில் கூலி. பண்டிகை முடிந்ததும் கை காய்ந்துவிடும். பாஸ்புக்கைப் புரட்டியவன், "அவசரத்துக்கு எடுத்துக்கிடலாம்லா மாப்ளே?" என்றான்.

மகள் முந்திக்கொண்டாள். "அதுக்கு என் கையெழுத்து வேணும்லா!"

அவன் முகம் சுருங்கியது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவள் பேனாவைத் தேடி எடுத்து வந்தாள்.

"எவ்வளவுப்பா வேணும்?"