சாகாத திமிங்கிலத்தின் இலக்கம்

கிறில் என்பது இறாலைப் போன்றதொரு சீவன், சுண்டுவிரல் நீளம்தான். அதைத் தின்றே தென்கடலின் நீலத்திமிங்கிலம் அந்தப் பென்னம்பெரிய உடம்பை வளர்க்கிறது. இந்தப் பாடம் வந்தால் டிஸ்கவரி கப்பலின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவேன்.

1901இல் ஸ்கொட்டின் பயணத்துக்காக டண்டியில் கட்டிய மரக்கப்பல் அது. 1925இல் திமிங்கிலத்தையும் கிறிலையும் ஆராய மீண்டும் தெற்கே போனது. விலங்கியலாளர் அலிஸ்டர் ஹார்டியும் அதில் இருந்தார். ஓடும் கப்பலின் பின்னால் இழுபட்டபடியே, பட்டுத்துணிச் சுருளில் மிதவையுயிர்களைச் சேர்க்கும் கருவியொன்றை அவர் ஆக்கியிருந்தார். கப்பலோ அலையில் உருண்டு புரளும். அந்த ஆட்டத்தில் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்துப் பொடிச் சீவன்களைப் பார்ப்பதென்றால்! எனக்குத் தோணியில் ஏறினாலே தலை சுற்றும்.

செலவுக்குப் பணம் வந்தது திமிங்கில எண்ணெய் மீதான வரியிலிருந்து. கொல்பவன் காசில், கொல்லப்படுவதைப் பற்றிய படிப்பு. 1930களில் இலக்கம் பொறித்த உலோகக் குழாய்களைத் துப்பாக்கியால் சுட்டுத் திமிங்கிலத்தின் உடலில் ஏற்றினார்கள், அது எங்கெங்கே போகிறது என்றறிய. விடை கிடைக்க அது வேட்டைக்காரர் கையில் சாகவேண்டும். வெட்டும்போதோ கொழுப்பைக் காய்ச்சும்போதோ குழாய் அகப்பட்டால் அனுப்பிவைப்பார்கள், சன்மானமும் உண்டு.

ஆராய்ந்தவர்களை நான் குறைசொல்லமாட்டேன். வேட்டையைக் கட்டுப்படுத்தப் பின்னர் வாதாடியவர்களுக்கு அவர்களின் கணக்குகளே கைகொடுத்தன.

"சேர், சாகாத திமிங்கிலத்துட நம்பர் என்னாகும்?" என்றாள் ஒருத்தி.

"கடலுக்குள்ளேயே இருக்கும் மகள்" என்றேன்.

"அப்ப நல்லம்" என்று உட்கார்ந்தாள்.