புதுக் காவடி வாங்கிய தம்பிகளுக்கு

இந்தத் தைப்பூசத்துக்குப் புது அலகுக் காவடி எடுக்கிற தம்பிகளே, வாங்கின கையோட தோளில் ஏத்திடாதீங்க. எங்க பாசிர் கூடாங் கம்பனியில் புது மெஷின் வந்தாலும் சோதிக்காம ஓட்ட மாட்டோம்.

அலுமினியம் இரும்பில் மூணில் ஒரு பங்கு கனம்தான். ஆனா ஓட்டை போட்ட இடத்தில் பிசிறு கத்தி மாதிரி நிக்கும். துணியால தடவிப் பாருங்க. நூல் மாட்டினா அரம் போட்டுத் தேய்க்கணும். போன வருஷம் நடுவழியில் ஒரு தம்பியோட காவடியில் போல்ட்டு கழன்று, வளைவு சரிந்து, பக்கத்தில் பால்குடம் தூக்கி வந்த அம்மாவின் தோளைக் கிழிச்சிடுச்சு. ரெண்டு தையல். உறுமி அடிக்க அடிக்க ஆடும்போது சாதா நட்டு தானா கழலும். உள்ளே நைலான் வளையம் வெச்ச நட்டு போடுங்க, காசு ஒண்ணும் பெரிசில்லை.

அலங்காரம் முடிச்சதும் நடு உச்சியில் கயிறு கட்டி உத்தரத்தில் தொங்க விடுங்க. ஒரு பக்கம் சாஞ்சா மயிலிறகை மாத்திக் கட்டணும். பாரம் இடுப்புப் பட்டையிலும் இறங்கணும், தோளே முழுசா தாங்கக் கூடாது. பட்டைக்கு வேட்டி கட்டின பிறகு அளவெடுங்க, ஜீன்ஸ் போட்டுக்கிட்டு இல்ல!

விரத நாளில் சாயங்காலம் ஒரு மணி நேரம் தூக்கி நடங்க. முதல் நடைக்கு அப்புறம் எல்லா நட்டையும் இன்னொரு தரம் முறுக்கணும். ஸ்பேனர் இல்லாதவங்க சனிக்கிழமை ஆறு மணிக்கு மேல மடப்பள்ளி பின்னாடி வாங்க, பெட்டியோட இருப்பேன்.