வெறும் பாக்குதானே

திருவாரூர்

அன்புள்ள தம்பி குமாருக்கு,

அக்கா எழுதுவது. போனில் சொன்னால் வேலை அவசரத்தில் 'சரிக்கா, சரிக்கா' என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

அம்மாவுக்கு வாய் சரியாகத் திறக்கவில்லை. ரசத்தில் மிளகு கொஞ்சம் கூடினாலும் எரிகிறதென்று பத்து நாளாக மோர்சாதம்தான். நேற்று டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது கன்னத்தின் உள்பக்கம் வெளிறிப்போய், தொட்டால் நார்போலக் கெட்டியாக இருக்கிறது. மூன்று விரலைச் சேர்த்து வாய்க்குள் விடச் சொன்னேன். இரண்டுதான் போனது. அந்தக் கன்னத்தில்தான் நாற்பது வருஷமாகப் பாக்கை அதக்கிவைக்கிறாள்.

"விட்டுடும்மா" என்றதற்கு, "நான் என்ன போதையா போடுறேன்? வெறும் பாக்குடி" என்றாள்.

இரவெல்லாம் அந்தப் பேச்சுதான் மனதில் ஓடியது. தாத்தா காலத்தில் லாகிரி வஸ்து என்பார்கள். மலையாளத்தில் இன்றும் லஹரிதான். நாம் போதைப்பொருள் என்கிறோம். எந்தச் சொல்லானாலும் மயக்கத்தைத்தான் சொல்கிறது. தள்ளாடாத ஆளை அது தொடுவதில்லை. தள்ளாடாமலே ஆளைப் பிடித்துவைக்கும் பொருளுக்கு நாம் வைத்த பெயர் 'பழக்கம்'. அது எவ்வளவு மெத்தென்ற சொல் பார். நல்ல மனிதரோடு பழகுகிறோம், மாட்டை வண்டிக்குப் பழக்குகிறோம். பாக்கு அம்மாவைப் பழக்கிவைத்திருக்கிறது. பெண் பார்க்கப் போன இடத்தில் உன்னைப் பற்றி 'ஒரு பழக்கமும் கிடையாது' என்று சொன்னபோது அம்மா வாயில் பாக்கு இருந்தது. யாருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும்தான்.

2013-ல் குட்காவையும் பான்மசாலாவையும் நம் மாநிலத்தில் தடை செய்தார்கள். ஆனால் வெறும் பாக்கு தாம்பூலத் தட்டில் இருப்பதால் அதன்மேல் நமக்குச் சந்தேகமே வருவதில்லை. அதில் அரிகோலின் என்று ஒன்று இருக்கிறது, அதுதான் திரும்பத் திரும்பக் கேட்கவைப்பது. புகையிலை சேராத வெற்றிலைபாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004-லேயே சொல்லிவிட்டது. அம்மாவுக்கு அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

அம்மாவைத் திட்டாதே. காலையில் சுருக்குப்பையை எடுத்து ஒளித்துவைத்தேன். மத்தியானத்துக்குள் கை நடுங்கி, சிடுசிடுத்து, கடைசியில் அழுதுவிட்டாள். திருப்பிக் கொடுத்துவிட்டேன். இதைப் பழக்கம் என்று இனி நான் சொல்லமாட்டேன். இது நோய், மருந்தும் துணையும் வேண்டும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். நான் கூப்பிட்டால் வரமாட்டாள், நீ கூப்பிட்டால் வருவாள். வெள்ளி இரவே பஸ் ஏறிவிடு.

அன்புடன்,
அக்கா