சாரல் சீசனும் டிரான்ஸ்பர் சீசனும்

'சீசன்' என்று சொன்னால் நம்ம ஊரில் யாரும் 'எந்த சீசன்?' என்று கேட்க மாட்டார்கள். ஜூன் பிறந்ததும் மலையில் மேகம் இறங்கும். தென்காசிக் கோபுர வாசலில் காற்று ஆளையே தள்ளும். 'மெயின் அருவியில தண்ணி எப்படி? ஐந்தருவியில அஞ்சும் விழுதா?' என்பதுதான் டீக்கடையில் முதல் கேள்வி. ஆனால் எங்களைப் போன்ற சில கால்பந்துப் பைத்தியங்களுக்கு அதே சாரலில் இன்னொரு சீசனும் தொடங்கிவிடும். ஜெர்மனியில் எந்த ஆட்டக்காரர் எந்தக் கிளப்புக்குப் போகிறார் என்கிற டிரான்ஸ்பர் சீசன்!

'ஏலே, அருவி பக்கத்துல இருக்கு. நீ ஜெர்மனிக்காரன் எங்க போறான்னு பாத்துக்கிட்டு இருக்கியே, உனக்கு என்னல கிடைக்கும்?' என்று சிவில் நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. டிப்ளமோ முடிக்கப் போகிற நமக்கு அதில் நிறையவே கிடைக்கும் என்பது என் பதில். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஜெர்மனியின் பெரிய லீக்கான புண்டஸ்லீகா 1963-ல் தொடங்கியது. ஆகஸ்டில் ஆரம்பித்து மே வரை ஆட்டங்கள் நடக்கும். ஜூலையில் பயிற்சி முகாம். அவர்களும் நம்மைப் போல மலையும் தண்ணீரும் உள்ள இடம் தேடித்தான் போகிறார்கள். பேயர்ன் மியூனிக் பல ஆண்டுகள் டேகர்ன்சே ஏரிக்கரைக்குப் போயிருக்கிறது. டார்ட்மண்ட் அணி பல கோடைகளில் சுவிட்சர்லாந்தின் பாட் ராகாஸ் என்ற வெந்நீர் ஊற்று ஊருக்குப் போனது. ஏறக்குறைய அவர்களுடைய குற்றாலம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! ஆனால் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போவதில்லை. காலையும் மாலையும் ஓட்டம்தான். நடுவில் உள்ளூர் அணிகளோடு நட்பு ஆட்டமும் உண்டு. 2023 ஜூலையில் ஏரிக்கரை ஊரான ராட்டாக்-ஏகர்ன் அமெச்சூர் அணியை பேயர்ன் 27-0 என்று ஜெயித்தது. பாவம், அந்த கோல்கீப்பர்!

இதே நேரத்தில்தான் டிரான்ஸ்பர் பேரமும். 2023 ஆகஸ்டில் இங்கிலாந்து கேப்டன் ஹாரி கேனை வாங்க பேயர்ன் கொடுத்தது சுமார் பத்து கோடி யூரோ. 'மனுஷனையா விலைக்கு வாங்குறாங்க?' என்று கேட்கலாம். இல்லை. ஆட்டக்காரருக்கும் பழைய கிளப்புக்கும் உள்ள ஒப்பந்தத்தில் இன்னும் காலம் மீதி இருக்கிறது அல்லவா? அதை முடித்துக்கொள்ளத்தான் அந்தப் பணம். காலம் முடிந்துவிட்டால் விலையே கிடையாது. 2014-ல் லெவன்டாஸ்கி டார்ட்மண்டை விட்டு பேயர்னுக்குப் போனபோது டார்ட்மண்டுக்கு ஒரு பைசா டிரான்ஸ்பர் தொகை வரவில்லை. ஒப்பந்தம் முடிந்தது, கிளம்பிவிட்டார்.

இந்த உரிமை சும்மா வந்ததல்ல. ஜான்-மார்க் பாஸ்மன் என்று பெல்ஜியத்தில் ஓர் ஆட்டக்காரர். பெரிய ஸ்டார் ஒன்றும் இல்லை. 1990-ல் லியேஜ் கிளப்போடு அவர் ஒப்பந்தம் முடிந்தது. புதிய ஒப்பந்தத்தில் சம்பளத்தைக் கால் பங்காகக் குறைத்தார்கள். சரி, பிரான்சின் டன்கர்க் கிளப்புக்குப் போகிறேன் என்றார். ஒப்பந்தம் முடிந்தபிறகும் 'பணம் வந்தால்தான் விடுவோம்' என்பது அன்றைய வழக்கம். டிரான்ஸ்பர் நடக்கவில்லை. மனிதர் கோர்ட்டுக்குப் போனார். ஐந்து வருஷம்! 15-12-1995 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் அவருடைய ஆட்ட வயது போய்விட்டது. பின்னாளில் பணக் கஷ்டத்திலும் குடியிலும் துன்பப்பட்டார். அவர் நட்ட மரத்தின் பழத்தை இன்றைய கோடீஸ்வர ஆட்டக்காரர்கள் சாப்பிடுகிறார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். கல்கத்தா மைதானத்தில் ஒரு காலத்தில் 'டோக்கன்' முறை இருந்தது. ஆட்டக்காரரின் டோக்கன் எந்தக் கிளப்பின் கையில் இருக்கிறதோ, ஆட்டக்காரரும் அவர்கள் கையில்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஏன் தெரியுமா? நமக்கும் டோக்கன் உண்டு தோழர்களே... நம்முடைய ஒரிஜினல் சர்டிபிகேட்! நம் சீனியர் அண்ணன் ஒருவர் வெளியூர்க் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். சேர்ந்த அன்றே ஒரிஜினல்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷ பாண்டில் கையெழுத்தும் வாங்கினார்கள். பிறகு அவருக்கு லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டு சேர இடம் கிடைத்தது. 'பணத்தைக் கட்டிவிட்டுப் பேப்பரை வாங்கிக்கொள்' என்றார்கள். அப்பாவோ பீடிக்கடை வைத்திருப்பவர். பணம் புரளவில்லை, இடம் போய்விட்டது. அண்ணன் இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேட்ட எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஆகவே கேம்பஸ் இன்டர்வியூவில் செலக்ட் ஆன சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எத்தனை மாதம், நடுவில் விலகினால் எவ்வளவு என்று வரிவரியாகப் படியுங்கள். ஒரிஜினலைக் காட்டுங்கள், சரிபார்க்கட்டும், ஜெராக்ஸைக் கொடுங்கள், ஒரிஜினல் வீட்டுப் பீரோவுக்குத் திரும்ப வேண்டும். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் சேர்ந்து கேளுங்கள். யூனியன் என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

ஆனால் கால்பந்து இன்னொரு பாடமும் சொல்கிறது. இதைச் சொல்லாவிட்டால் கட்டுரை பாதிதான். ஆட்டக்காரர் நாடு விட்டு நாடு டிரான்ஸ்பர் ஆகும்போது, அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயதிலிருந்து 23 வயதுவரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் போக வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 2025-ல் ஃப்ளோரியான் விர்ட்ஸ் பத்து கோடி பவுண்டுக்கு மேல் விலையில் லிவர்பூலுக்குப் போனார். விற்றது லெவர்குசன். என்றாலும் 2020-ல், 16 வயதில் அவரை விட்டுக்கொடுத்த கோல்ன் கிளப்புக்கும் அந்த விதிப்படி பங்கு உண்டு. வளர்த்தவனை மறக்காதே என்பதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்!

நம் பக்கத்துப் பையன்களும் இப்படித்தான் ஊர் ஊராகப் போகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைக்காரர் மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி அணியிலிருந்து 2018-ல் ஜாம்ஷெட்பூர் போனார், 2019-ல் கல்கத்தாவின் ஏ.டி.கே. போனார். கடற்கரை மணலில் பந்து உதைத்த ஒருவரைப் பெரிய கிளப்புகள் தேடி வந்தன.

நாமும் நாளை கோயம்புத்தூர், சென்னை, துபாய் என்று டிரான்ஸ்பர் ஆகிறவர்கள்தான். தென்காசியில் இருந்தே பிழைக்க எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது? போகத்தான் வேண்டும். ஆனால் லேத்தில் முதல்முதலாக டூல் செட் பண்ணக் கற்றுக்கொடுத்த ஒர்க்‌ஷாப் சாருக்கும், 'பீஸ் கட்டியாச்சால?' என்று கேட்டு வளையலை அடகு வைத்த அம்மாவுக்கும் எந்த ஃபிஃபாவும் பங்கு வாங்கித் தராது. அதை நாமேதான் கொடுக்க வேண்டும். முதல் சம்பளம் வாங்கினதும் ஜூனியர் ஒருவனுக்குப் பரீட்சை பீஸ் கட்டினால்கூடப் போதும். வேலை காலி இருக்கிற கம்பெனி எது, ஒரிஜினலைப் பிடித்து வைக்கிற கம்பெனி எது என்று ஜூனியர்களுக்கு ஒரு போன் போட்டுச் சொன்னாலும் அது பெரிய பங்கு.

யாருக்கும் டோக்கனைக் கொடுக்காமல் போவோம். வளர்த்தவர்களுக்குப் பங்கைக் கொடுத்துவிட்டுப் போவோம். அடுத்த வருஷம் சாரல் விழும்போது இந்த மலரை வேறு பசங்கள் படித்துக்கொண்டிருப்பார்கள். நாம் எந்த ஊரில் இருந்தாலும் அவர்கள் நம் போன் நம்பரைத் தேடும்படி இருப்போம்!

— இறுதியாண்டு, இயந்திரவியல் துறை