தோல்வாரில் தீட்டிய கூர்மை

அமெரிக்காவின் மேற்கு எல்லை ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டிருந்த 19ஆம் நூற்றாண்டில், ஒஹாயோவிலும் இலினாயிலும் மரத்தடிகளை அடுக்கியும், மரமே இல்லாத நெப்ராஸ்கா புல்வெளியில் வேரோடு பெயர்த்த புல்மண் கட்டிகளை அடுக்கியும் வீடு கட்டிக்கொண்ட குடியேறிகளிடம் இருந்த கருவிகளுள் சவரக்கத்தி தனி இனத்தைச் சேர்ந்தது. கோடரி மழுங்கினால் எந்தக் கல்லிலும் தீட்டிக்கொள்ளலாம். கலப்பைக் கொழு தேய்ந்தால் அருகிலுள்ள கொல்லர் அடித்துத் தருவார். ஆனால், கைப்பிடிக்குள் மடங்கும் அந்த நீண்ட கத்தி பெரும்பாலும் கடல் கடந்து, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலிருந்து வந்தது. அந்நகரில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740களில் உருவாக்கிய முறைப்படி, மண் மூசைகளில் உருக்கி வார்த்த சீரான எஃகே அதற்கு அடிப்படை.

கத்தி வெளியிலிருந்து வந்தாலும், சவரத்துக்கு வேண்டிய மற்றவற்றைப் பெரும்பாலும் வீடே தந்தது. விறகுச் சாம்பலில் நீரூற்றி வடித்தெடுத்த காரநீரைப் பன்றிக் கொழுப்போடு சேர்த்துக் காய்ச்சினால், கட்டியாக உறையாமல் களிம்பு போலவே நிற்கும் சோப்பு கிடைக்கும். சாம்பலிலுள்ள பொட்டாசிய உப்புகளே அதற்குக் காரணம். பொட்டாசியச் சோப்பு நீரில் எளிதில் கரைந்து நுரைப்பதால், இன்றைய சவரக் களிம்புகளும் அதையே சார்ந்திருக்கின்றன. வெந்நீரும் அதே அளவுக்கு இன்றியமையாதது. நீரை உறிஞ்சிய மயிர் மிருதுவாகிக் கத்திக்கு எளிதில் இடம் கொடுக்கும். விறகுக்கு வழியில்லாத புல்வெளியில் அந்த நீரைக் காய்ச்சியது பெரும்பாலும் காய்ந்த காட்டெருமைச் சாணம். இத்தனை பாடுபட வேண்டியிருந்ததால், சவரத்தை வாரம் ஒருமுறை, ஞாயிறு வழிபாட்டுக்கு முன்பாக, வைத்துக்கொண்டோர் பலர்.

என்றாலும் இந்த வேலையின் உயிர் முகத்தில் இல்லை, தீட்டுவதில்தான் இருக்கிறது. சாணைக்கல் எஃகைத் தேய்த்துப் புதிய கூர்மையை உண்டாக்கும். ஒவ்வொரு சவரத்துக்கு முன்பும் பயன்படும் தோல்வாரோ, கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்துபோன விளிம்பை நிமிர்த்திச் சீராக்கும். ஒரு முனை சுவரில் மாட்டிய வாரை இடக்கை இழுத்துப் பிடிக்க, வலக்கையிலுள்ள கத்தி அதன்மேல் முதுகு முன்னும் கூர்ப்பக்கம் பின்னுமாகச் செல்லும். முனையை எட்டியதும் கூர்ப்பக்கம் வாரைத் தொடாதபடி முதுகின்மேல் புரட்டித் திருப்ப வேண்டும். கன்னத்தை மழிக்கையில் கண்ணாடியும் அச்சமும் சேர்ந்து கையை நிதானப்படுத்துகின்றன. தீட்டும்போதோ, பழகிய கை விரைகிறது, வாரைப் பிடித்த விரல்கள் கத்தியின் பாதையிலேயே இருக்கின்றன.

1842 ஜனவரி முதல் நாளில் மாசசூசெட்ஸின் கான்கார்டு ஊரில் நேர்ந்தது இதுதான். கான்கார்டு எல்லைப்புறக் குடியிருப்பு அன்று, பழைய ஊர். ஆனால், கத்தியும் வாரும் மேற்கின் மரவீடுகளில் இருந்தவையே. எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோவின் அண்ணன் ஜான், சவரக்கத்தியைத் தீட்டுகையில் மோதிர விரல் நுனியில் வெட்டிக்கொண்டார். பொருட்படுத்தத் தோன்றாத சிறு காயம். அதன்மேல் துணியைச் சுற்றிக்கொண்டதோடு சரி. சில நாட்களில் வலி ஏறியது, தாடை இறுகியது, உடல் முறுக்கிக்கொண்டது. ஜனவரி 11 அன்று தம்பியின் கைகளிலேயே உயிர் பிரிந்தது. பதினொரு நாட்களுக்குப் பிறகு, காயமே இல்லாத ஹென்றியின் உடலிலும் அதே இறுக்கத்தின் அறிகுறிகள் தோன்றின. மெய்யான நோய் இல்லாமலே துயரம் உடலைப் பற்றிக்கொண்டது என்பதைத் தவிர அதற்கு வேறு விளக்கம் பொருந்தவில்லை.

டெட்டனஸ் என்னும் அந்நோயைத் துருவோடு சேர்த்துப் பேசுவது வழக்கமாகிவிட்டாலும், அதை உண்டாக்குவது துரு அன்று. மண்ணிலும் குதிரை, மாடு ஆகியவற்றின் சாணத்திலும் உறங்கிக் கிடக்கும் நுண்ணுயிர் வித்துகளே. வீட்டை ஒட்டியே லாயம் இருந்த ஒரு காலத்தில், பளபளக்கும் கத்தி செய்த கீறலும் அவ்வித்துகளுக்குப் போதிய வாசலாயிற்று. இந்நோய்க்கு எதிரான சீரத்தை ஆய்வாளர்களான பெரிங்கும் கிடசாட்டோவும் கண்டறிந்தது 1890இல்தான்.

தோரோவின் 'வால்டன்' நூலைப் படித்தவர்களுக்கு, 1845 மார்ச்சில் அவர் குடில் கட்ட இரவல் வாங்கிய கோடரி நினைவிருக்கும். வாங்கியபோது இருந்ததைவிடக் கூர்மையாகத் திருப்பிக் கொடுத்ததாக அவர் எழுதியிருப்பதைப் பலரும் சிக்கனத்தின், நாணயத்தின் அடையாளமாகப் படிக்கிறார்கள். அண்ணன் கத்தி தீட்டி மாண்டு மூன்றே ஆண்டுகள் கழிந்திருந்த நிலையில் கருவி தீட்டியவர் எழுதிய வரி அது என்று சேர்த்துப் படிப்பதே நியாயம். அந்தக் குடிலில் அவர் முதலில் எழுத அமர்ந்ததும் 'வால்டன்' அன்று. தாங்களே கட்டிய படகில் 1839இல் அண்ணனும் தம்பியும் கான்கார்டு, மெரிமாக் ஆறுகளில் போய்வந்த பயணத்தின் நூல்தான்.